இது ஸ்டியரிங்கா, மல்யுத்தமா?

சின்ன மோட்டார் படகு ஓட்டினால் மனசு லேசாகுமாம். தோள்பட்டையைக் கேளுங்கள், அது சொல்லும். வேகம் கூடினால் போதும், புரொப்பெல்லரின் முறுக்கு விசை ஸ்டியரிங்கை ஒரே பக்கமாக இழுக்கிறது. தொப்பியைச் சரிசெய்யக் கையை எடுத்தால், படகு தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடும். இதற்குத்தான் புரொப்பெல்லருக்கு மேலே டிரிம் டேப் என்று ஒரு குட்டித் துடுப்பு. துருவேறிய போல்ட்டோடு மல்லுக்கட்டித் திருப்பி வைத்தால், ஒரு வேகத்துக்குச் சரி. அடுத்த வேகத்தில் பழைய கதைதான். அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் அந்தக் கேபிள்! கிரீஸ் காய்ந்து இறுகினால் இரண்டு கையும் பத்தாது. கேபிளுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் திருப்பும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் போடு என்கிறார்கள். சொத்தை விற்றா? போதாக்குறைக்கு, உட்கார்ந்தால் முன்னால் தெரியாது, நின்றால் ஸ்டியரிங் எட்டாது. இதை வடிவமைத்த புண்ணியவான் ஒரு நாளாவது படகு ஓட்டியிருப்பாரா?