நாற்பது பிரதிகள் போதும்

என் நண்பர் ஒருவருக்குப் பேச்சு திக்கும். க, த, ப என்று தொடங்கும் சொற்கள் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அவருடைய பெயரே அப்படி ஓர் எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் புதியவர்களிடம் பல வருடங்களாக வேறொரு பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார். இத்தனை நாள் பழகியும் எனக்கு இது தெரியாது. ஒரு நாள் உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்றை என் கையில் வைத்தார். அதை வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்துக்கு ஒரு சொல். மேல் ஓரத்தில் அவர் சொல்ல நினைத்தது, கீழ் ஓரத்தில் அதற்குப் பதிலாக அவர் சொன்னது, நடுவில் வெறும் தாள். மொத்தம் நாற்பது பிரதிகள் நகலெடுத்திருந்தார். அதைக் கொடுக்கும்போது அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரிச் சிறு வெளியீட்டுக்குத்தான் ஜீன் என்று பெயர். மரபணு இல்லை, மேகஜின் என்ற சொல்லின் வால். 1930இல் சிகாகோவில் அறிவியல் புனைகதை வாசகர்கள் சேர்ந்து கொண்டுவந்த ‘தி காமெட்’ இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1940இல் லூயிஸ் ரஸ்ஸல் ஷோவனே என்ற வாசகர் இவற்றுக்கு ‘ஃபேன்ஜீன்’ என்று பெயர் வைத்தார். பிறகு ‘ஃபேன்’ உதிர்ந்துவிட்டது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் பள்ளி மாணவர்களாக இருந்தபோது, 1933இல், தாங்களே நகலெடுத்து வெளியிட்ட ஜீனில் சூப்பர்மேன் என்ற பெயரில் ஒரு கதை வந்தது. அதில் அவன் வழுக்கைத்தலை வில்லன். நாம் அறிந்த சூப்பர்மேன் வர இன்னும் ஐந்து வருடம் ஆனது. அந்த அரைவேக்காட்டு வடிவத்தை எந்தப் பெரிய பத்திரிகையும் போட்டிருக்காது. போட அவசியமும் இல்லை. அது வேக ஓர் அடுப்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சிற்றிதழும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள். உறவு உண்டு, ஆனால் ஒன்று இல்லை. சிற்றிதழுக்கு ஆசிரியர் இருப்பார், சந்தா இருக்கும், அடுத்த இதழ் வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். ஜீனுக்கு இது எதுவும் வேண்டாம். ஒரே ஒரு இதழோடு நின்றுபோனால் அது தோல்வியும் இல்லை. சின்ன வயதில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இதைச் சொல்லாமலே புரியும்.

செய்து பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடுக்கோட்டில், நடுவில் உள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் வெட்டிவிட்டு, நீளவாட்டில் மடித்து இரு முனைகளையும் உள்பக்கமாகத் தள்ளினால் புத்தகம் தானாக எழுந்து நிற்கும். பசை வேண்டாம், பின் வேண்டாம். எழுதும்போது மட்டும் ஒரு வரிசைக் கட்டங்களைத் தலைகீழாக எழுத வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும், ஏனென்றால் நகல் இயந்திரம் தாளின் விளிம்பு வரை அச்சிடாது. பென்சில் கோடு மங்கிவிடும், கறுப்பு மைதான் நன்றாக விழும். பக்கம் கூடினால் பின் அடிக்க வேண்டும், ஆனால் சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. அதை விரித்து, தாளுக்கு அடியில் அழிரப்பரை வைத்து அழுத்தி, பிறகு பின்னின் கால்களை விரலால் மடக்க வேண்டும். முப்பது பிரதி முடிவதற்குள் விரல்நுனி சிவந்துவிடும். எழுதியவரே ஒவ்வொரு பிரதியையும் தொட்டிருக்கிறார் என்பது வாங்குகிறவரின் கைக்கும் தெரிகிறது. நான் சொல்ல வருவது இதைத்தான்: ஜீனின் மதிப்பு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் மட்டும் இல்லை, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதிலும் இருக்கிறது. குறைந்த பிரதிகள் என்பதை ஒரு குறையாகவே நான் பார்க்கவில்லை.

சோவியத் ஒன்றியத்தில் இதை உயிரைப் பணயம் வைத்துச் செய்தார்கள். ‘சமிஸ்தாத்’ என்றால் தானே பதிப்பிப்பது. மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்வார்கள். கிடைத்தவர் வாசித்துவிட்டு இன்னும் சில பிரதிகள் தட்டி அடுத்தவருக்குக் கொடுப்பார். 1968இல் நதாலியா கொர்பனேவ்ஸ்கயாவை முதல் ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’, கைதுகளையும் விசாரணைகளையும் பதிவு செய்தது, 1980களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. அதற்குச் செய்தி அனுப்ப முகவரி கிடையாது. உங்களிடம் தகவல் இருந்தால், பிரதியை யாரிடமிருந்து வாங்கினீர்களோ அவரிடம் சொல்லுங்கள், அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார், சங்கிலியின் மறுமுனையை மட்டும் தேடிப் போகாதீர்கள் என்று வாசகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். பிரதி வந்த பாதையே பதில் திரும்பும் பாதை. இதைவிட நல்ல தபால் ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘ரயட் கேர்ள்’ என்ற பெண்ணிய பங்க் இசை இயக்கத்துப் பெண்கள் நகல் இயந்திரத்தை வைத்து இதையே வேறு விதமாகச் செய்தார்கள். வீட்டில் பேச முடியாத வன்முறையை, உடம்பைப் பற்றி, கோபத்தைப் பற்றி எழுதி, இசை நிகழ்ச்சிகளில் கைமாற்றிக்கொண்டார்கள். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரி நூலகம் 2003 முதல் ஜீன்களைச் சேர்த்துவருகிறது. முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை வாசிக்கக் கொடுத்து, மற்றதை ஆவணக் காப்பகத்தில் வைக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் படுக்கையறையில் ஒட்டி வெட்டிச் செய்ததற்குக் காப்பகத்தில் ஓர் இடம். எனக்கு இது மிகப் பெரிய விஷயம். நாளை வரலாறு எழுதுகிறவருக்கு அமைச்சர்களின் உரைகள் எப்படியும் கிடைத்துவிடும். அந்தப் பெண் சொன்னது கிடைக்க வேண்டாமா?

கையால் செய்த எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. சலிப்பூட்டும் ஜீன்கள் நிறைய வாசித்திருக்கிறேன். இப்போது வழவழப்பான தாளில், எண்ணிட்ட பிரதிகளாக, சேகரிப்புப் பொருள் போல வருகிறவையும் உண்டு. அழகாகத்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒருவர், “நமக்கு இவ்வளவு வராதுப்பா” என்று பேனாவை மூடிவைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கோணலாக வெட்டிய தாளும் அடித்துத் திருத்திய வரியும் அடுத்தவரிடம் “நீயும் செய்யலாம்” என்று சொல்கின்றன.

சரி, நண்பரின் கதைக்கு வருகிறேன். அவருடைய அனுமதியோடு என் பிரதியை இன்னும் சில நகல் எடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் யாருக்குக் கொடுத்தார்களோ தெரியாது. இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருக்கு வேறொருவர் கொடுத்தாராம். எழுதியவர் பெயர் இல்லை. திக்கிப் பேசும் தம்பி ஒருவனின் அக்கா. தம்பி தடுமாறும்போதெல்லாம், உதவுவதாக நினைத்துத் தானே முந்திக்கொண்டு முடித்துவைத்த வாக்கியங்களை வரிசையாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் பாதி வாக்கியம் மட்டும் இருந்தது, மீதிக்கு இடம் விட்டிருந்தார்.

அதை நண்பரிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். இப்போது அடுத்த ஜீன் செய்துகொண்டிருக்கிறார். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் அவருடைய சொந்தப் பெயர். கீழ் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.