மான் படத்தை நீக்க மாட்டேன்

போன வாரம் நான் போட்ட, வேட்டையில் நான் சுட்ட மானின் படத்துக்குக் கீழே நடந்த சண்டையையும், அதற்கப்புறம் நம் தமிழ்ப் பள்ளி அண்ணன் (கூடப் பிறந்தவர் இல்லை, நான் அப்படிக் கூப்பிடுகிறவர்) என்னைத் திட்டித் தன் பக்கத்தில் எழுதியதையும் பெரும்பாலும் எல்லாரும் படித்திருப்பீர்கள். திரும்ப இங்கே ஒட்டப் போவதில்லை. ‘படித்த காட்டுமிராண்டி’ என்று எனக்கு அவர் கொடுத்த பட்டத்துக்கு லைக் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோடையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு போனவர்கள் அதில் இருக்கிறார்கள். கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் போனது என்ன மாதிரி இடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் இருக்கும் அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில், வேட்டையே தெரியாதவர்களுக்கென்று, மாநில இயற்கை வளத் துறையின் அனுமதியோடு ‘லேர்ன் டு ஹன்ட்’ என்றொரு பயிற்சி நடக்கிறது. முதலில் வகுப்பும் களப் பயிற்சியும். அப்புறம் பழகிய வேட்டைக்காரர் ஒருவரோடு சேர்த்துத்தான் காட்டுக்குள் விடுவார்கள், தனியாகப் போக முடியாது. வகுப்பில் முதலில் மனப்பாடம் செய்யச் சொன்னது நாலு விஷயம். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினைத்துக் கையாள வேண்டும். குழல் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும். எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். சுடும் நொடி வரைக்கும் விரல் விசைப் பக்கம் போகக் கூடாது. நாலில் ஒன்றாவது எப்படிக் கொல்வது என்று சொல்கிறதா? எப்போது சுடக் கூடாது என்பதைத்தான் அங்கே முதலில் சொல்லித்தருகிறார்கள். அண்ணன் எழுதியதுபோல ‘கொலையைப் பொழுதுபோக்காக்கும் சுற்றுலா’ அல்ல அது.

எனக்குத் துணையாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டியவர், பால்பண்ணை வைத்திருந்தவர். மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு மேற்கே, மேடும் பள்ளமுமாக இருக்கும் ட்ரிஃப்ட்லெஸ் பகுதியில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் நிலம். விடிவதற்கு முன்பே போய் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். கால் விரல்கள் மரத்துவிட்டன. வெளிச்சம் வந்ததும் எதிரே மேட்டின் உச்சியில் ஒரு பெண் மான் வந்து நின்றது, பக்கவாட்டில், அசையாமல். ஸ்கோப்பில் முழுசாகத் தெரிந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என் தோளில் கை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். மானுக்குப் பின்னால் மண் இல்லை, வெறும் வானம். குறி தப்பினாலும், மானைத் துளைத்துக்கொண்டு போனாலும், அந்தக் குண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கே போய் விழும் என்று நமக்குத் தெரியாது. மான் சாவகாசமாக இறங்கிப் போய்விட்டது. அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இந்த மனிதரைத்தான் ‘ரத்தம் பார்க்க அலையும் வெள்ளைக்காரன்’ என்று படத்துக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

நீங்கள் படத்தில் பார்த்த மான் அன்று மாலை கிடைத்தது. தோளுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் பட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள், அங்கேதான் பட்டது. கொஞ்சம் ஓடி மரங்களுக்குள் மறைந்தது. உடனே பின்னால் ஓடக் கூடாது, விரட்டினால் அது இன்னும் தவிக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போனபோது இலைகளில் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம். நுரையீரலில் பட்டிருக்கிறது, சீக்கிரம் போயிருக்கும் என்றார் அவர். அப்படித்தான் இருந்தது. நான் அழுதேன். அதைப் படத்தோடு எழுதவில்லை, எழுதியிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள்.

மறுநாள் மாலை 5 மணிக்குள் மானைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம், செய்தேன். சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்று மான்களுக்கு மூளையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு, ப்ரியான் என்ற உருக்குலைந்த புரதத்தால் வருவது. விஸ்கான்சினில் அதை முதன்முதலாக 2002ல் கண்டுபிடித்தது இதே பக்கத்தில், மவுண்ட் ஹோரெப் அருகே. மனிதருக்கு வந்ததாக உறுதியான சான்று எதுவும் இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பதுதான் மருத்துவத் துறையின் அறிவுரை. அதனால் மாதிரி கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வைத்திருந்து அப்புறம்தான் சமைத்தோம். ‘நோய் பிடித்த கறியைப் பிள்ளைகளுக்குப் போடுகிறான்’ என்று எழுதிய அக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

‘நம்ம ஊரில் செய்திருந்தால் உள்ளே தள்ளியிருப்பார்கள்.’ ஆமாம், தள்ள வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் சரியான சட்டம். முதுமலையில் எவனாவது புள்ளிமானைத் தொட்டால் முதல் ஆளாக நானே வனத்துறைக்குப் போன் செய்வேன். அங்கே மானைத் தின்னப் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. இங்கே? விஸ்கான்சினில் ஓநாயைக் கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்த காலம் உண்டு, 1960 வாக்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. பிறகு வடக்கே திரும்பி வந்தன, ஆனால் தெற்கே பண்ணை நிலங்களில் மானைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு இல்லை. வெள்ளைவால் மானையும் ஒரு காலத்தில் வியாபாரத்துக்காகச் சுட்டுச் சுட்டு அழிக்கப் பார்த்தார்கள். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க சில லட்சம்தான் இருந்தன. சட்டமும் சீசனும் லைசென்சும் வந்த பிறகுதான் மீண்டன, இன்றைக்குச் சுமார் 3 கோடி என்கிறார்கள். காட்டில் கிடைத்த மான்கறியை விற்க முடியாது. 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. நவம்பரில் ராத்திரி நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு மான் எவ்வளவு பெருகிவிட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் ஆட்களிலேயே எத்தனை பேர் மான் மீது இடித்து வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறோம்! சாலையோரம் இடுப்பொடிந்து கிடக்கும் மானுக்காக எவரும் ஒரு பதிவும் போட்டு நான் பார்த்ததில்லை.

‘துப்பாக்கிக் கலாச்சாரத்துக்கு அடிமையாகிவிட்டான்.’ பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுடுகிறவனையும் இதையும் ஒரே வரியில் எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

‘வள்ளியே மான் வயிற்றில் பிறந்தவள்’ என்றொருவர். வள்ளியை எடுத்து வளர்த்தது வேடர் குலம், ஐயா. முருகன் அவளைத் தேடி வந்ததும் வேடன் உருவத்தில்தான்.

அண்ணன் திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்துப் போட்டிருக்கிறார். கொல்லாமல், புலாலையும் மறுத்தவனை எல்லா உயிரும் கைகூப்பித் தொழும் என்ற குறள். அதே அதிகாரத்தில், அதற்கு நாலு குறள் முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். தின்கிறவர்கள் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்கிறவனும் இருக்க மாட்டான் என்கிறார் வள்ளுவர். அது வாங்குகிறவனைப் பார்த்துச் சொன்னது. உங்களையும் என்னையும் பார்த்துச் சொன்னது. சைவம் சாப்பிடும் நண்பர்கள் சிலர் வருத்தப்பட்டு உள்பெட்டியில் எழுதினார்கள். அவர்கள் சொன்னதை மதிக்கிறேன், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வாரம் தவறாமல் கோழி வாங்குகிறவர்களுக்கு என்ன உரிமை? ஆறேழு வாரமே ஆன பிராய்லர் கோழி, வானத்தையே பார்க்காமல் வளர்ந்து, பிளாஸ்டிக் தட்டில் வருகிறது. நான் சுட்ட மான் கடைசி நாள் வரை தன் இஷ்டத்துக்கு ஓக் கொட்டை தின்று திரிந்தது. எது கொடுமை? கறி தின்கிற நான், ஒரு முறையாவது அந்தச் சாவை என் கையால் செய்து, என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். முறையாகச் செய்யச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் ஒழுங்கும் இருந்ததால் போனேன்.

இதெல்லாம் வாதம். வாதத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணன் பதிவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. ‘அப்பன் வெட்டினான், பிள்ளை சுடுகிறான், புத்தி எங்கே போகும்.’ துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை போட்டார் என்பதை ஒரு பொங்கல் விழா இரவில், நட்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நான்தான் அவரிடம் சொன்னேன். அந்தக் கடையில்தான் என் ஃபீஸ் வந்தது. அப்பா ஒரு ஆட்டின் முன்னால் இன்னொன்றை வெட்ட மாட்டார். கத்தி மழுங்கியிருந்தால் எத்தனை பேர் காத்திருந்தாலும் தீட்டிவிட்டுத்தான் தொடுவார். விடியற்காலையில் ஈரலுக்கும் ரத்தத்துக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போகும் பெரிய மனிதர்கள், பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரி மானைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். லைக் போட்டவர்களுக்கும் தெரியும்.

ஊரில் யாரோ அந்தப் பதிவை அப்பாவுக்கே படித்துக் காட்டியிருக்கிறார்கள். போனில், “என்னப்பா, என்னையும் இழுத்துட்டாங்களாமே?” என்று கேட்டார். அப்புறம், “மான் ரொம்பத் தவிச்சுதா?” என்றார். இல்லைப்பா என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அந்த ஒரு கேள்வியை உங்களில் யாராவது கேட்டீர்களா?

இந்த வருடப் பொங்கல் விழாச் சமையல் குழுவில் என் பெயரை எடுத்துவிட்டார்களாம். எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை நீக்கச் சொன்னவர்களுக்கு: நீக்க மாட்டேன். அடுத்த நவம்பரிலும் போவேன், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு. அண்ணா, என்னைப் பற்றி எழுதியது அத்தனையும் உங்கள் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் இன்றைக்கே எடுங்கள்.