ஃப்ளேர் நட்டுக்கு வெள்ளை டேப் வேண்டாம்

ஏர்கோன் குழாய் கசிந்தால் நட்டு மரையில் வெள்ளை டேப் சுற்றச் சொல்கிறீர்களே அண்ணே, அது தண்ணீர்க் குழாய் வைத்தியம். ஃப்ளேரில், அதாவது குழாய் வாயைப் புனல்போல் விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பில், கேஸை அடைப்பது மரை அல்ல. 45 டிகிரிக்கு விரிந்த செம்பு வாய் பித்தளைக் கூம்பில் அழுந்தி உட்காருவதுதான். கோலாலம்பூர் வெக்கையில், 30 டிகிரியில், ஓடாமல் நிற்கும் ஆர்32 கேஸ் ஏர்கோனிலேயே சுமார் 18 பார் அழுத்தம் இருக்கும். டேப் எந்த மூலைக்கு?

வாயைப் பாருங்கள். வெட்டிய விளிம்பின் பிசிறைக் குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்துச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் செம்புத்தூள் உள்ளே போகும். அதிகம் சுரண்டினால் விளிம்பு மெலிந்து, விரிக்கும்போது கீறும். கால் இஞ்சுக் குழாய்க்கு விரிந்த வாய் 8.7 முதல் 9.1 மில்லிமீட்டர், தப்பினால் வெட்டி மறுபடி. (விரிக்கும் முன் நட்டைக் குழாயில் மாட்டிவிட்டு!) முறுக்கு விசையை அளக்கும் டார்க் ஸ்பேனரில் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும், அதற்குமேல் முறுக்கினால் வாய் நசுங்கிப் பிளக்கும்.