அந்தப் பெரியவரின் முகம்

மூன்று நாளாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "நல்லது செய்த குழந்தையைப் போய்க் குறை சொல்கிறீர்களே அக்கா" என்று எழுதியவர்களில் பத்து வருடப் பழக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யூதப் பெண்பிள்ளைகள் சமயப் பொறுப்பேற்கும் சடங்கான பாட் மிட்ஸ்வாவுக்குத் தயாராகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த வயதில் அவர்கள் ஜெப ஆலயத்தில் பிள்ளைகள் ஏதாவது ஒரு தொண்டு வேலையை எடுத்துச் செய்கிறார்கள். இவள் ஆறு வாரம், இல்லாதவர்களுக்கு உணவுப்பொருள் கொடுக்கும் உணவு வங்கியில் பை கட்டினாள். கனமான டப்பாக்கள் அடியில், ரொட்டி நசுங்காமல் மேலே என்று அவ்வளவு பொறுப்பாக. நான் பேசியது அவள் அம்மா ஊர்க் குழுவில் போட்ட படத்தைப் பற்றி. பையை நீட்டும் மகள் பக்கவாட்டில் தெரிகிறாள். வாங்கும் பெரியவரின் முகம் முழுசாகத் தெரிகிறது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கிற குழு அது. படத்தை நீக்கிவிடச் சொன்ன ரபி, அதாவது யூத மதகுரு, செய்தது சரி என்று எழுதினேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். வாங்குகிறவர் முகத்தைக் காட்டக் கூடாது.

நான் யூதர் இல்லை. நியூஜெர்சியில் அந்த ஜெப ஆலயத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உதவி ஆசிரியையாக ஒன்பது வருடம் இருக்கிறேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தகர உண்டியல் வட்டமாகச் சுற்றி வரும். புஷ்கே என்பார்கள். நாலு வயதுக் குழந்தை காசைக் குறுக்கே வைத்து அழுத்தும், உள்ளே போகாது, நாம் விரலைத் திருப்பிவிட வேண்டும். ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் வீட்டுக்கே உணவு வங்கிப் பைதான் போனது. அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவனும் வாராவாரம் ஐந்து சென்ட் போடுவான். "உனக்கு வேண்டாம் கண்ணா" என்று ஒருவரும் சொன்னதில்லை. தர்மம் வாங்கிச் சாப்பிடுகிறவரும் தர்மம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய பழைய சட்ட நூலான தல்மூதிலேயே இருக்கிறது. அந்த உண்டியலுக்கு முன்னால் கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று உங்களால் சொல்ல முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவர்கள் இதைச் செதாக்கா என்கிறார்கள். செதெக் என்றால் நீதி, அதிலிருந்து வந்த சொல். கொடுப்பது தயவு இல்லை, சேர வேண்டியதைச் சேர்ப்பது. வயலை அறுக்கும்போது ஓரத்தை விட்டுவிடு, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் என்று பைபிளின் லேவியராகமம் சொல்கிறது. ரூத் கதிர் பொறுக்கிய கதை நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரியும். அந்த ஓரத்தை இன்னாருக்கு என்று வயல்காரர் தேர்ந்து கொடுக்கவும் முடியாது, ஏழைகளே வந்து அறுத்துக்கொள்வார்கள். சேர வேண்டியதைக் கொடுக்கும்போது படம் எதற்கு? வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது யாராவது படம் எடுக்கிறோமா?

12ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் தர்மத்துக்கு எட்டுப் படி வகுத்தார். அடிப்படி, மனமில்லாமல் கொடுப்பது. உச்சிப்படி, வேலையோ கடனோ கூட்டுத்தொழிலோ கொடுத்து ஒருவர் இனி கை நீட்ட வேண்டாதபடி செய்வது. அதற்கு அடுத்ததே, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பது. தல்மூதில் வரும் மார் உக்வா என்ற அறிஞரின் கதையும் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பக்கத்து ஏழை வீட்டுக் கதவிடுக்கில் தினமும் நாலு காசு போடுவார் அவர். யார் என்று பார்க்க ஒருநாள் அந்த ஏழை வெளியே வந்ததும், மார் உக்வாவும் மனைவியும் ஓடிப்போய் ஓர் அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். தீயை அப்போதுதான் வாரியிருந்தார்கள், அவர் கால் சுட்டது. ஒருவரைப் பலர் முன் கூசவைப்பதைவிட நெருப்பில் விழுவது மேல் என்று அங்கே முடிகிறது. நாலு வயதுக் குழந்தைக்குச் சொல்கிற கதை இது. பெரியவர்கள் மறந்துவிட்டோம்.

ஒரு நண்பர் குறளை எடுத்துப் போட்டார். "இரந்தவர் இன்முகங் காணும் அளவு." முகம் பார்க்கச் சொன்னது வள்ளுவரே என்கிறார். ஐயா, அங்கே அந்த முகத்தைக் காண்பவர் கொடுத்தவர் ஒருவர். ஊர்க் குழு இல்லை.

படம் போட்டால்தானே நாலு பேர் உதவ வருவார்கள் என்கிறார்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது. கட்டி வைத்த பைகளைப் படம் எடுங்கள். பள்ளி நடைபாதையில் ஹெஷல் படம் மாட்டியிருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டார். 1965இல் அமெரிக்காவின் செல்மாவில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு ஒரே வரிசையில் நடந்த ரபி அவர். அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் சேர்ந்து நடக்கிறார்கள். யாருடைய கையும் யார் முன்னாலும் நீண்டிருக்கவில்லை.

"யூதர்களிடமா நீதி கற்றுக்கொள்வது, காசாவைப் பார்க்கவில்லையா?" பார்க்கிறேன். அந்தக் குழந்தைகளைப் பார்த்து இரவு தூக்கம் போயிருக்கிறது. எங்கள் பள்ளியிலேயே இதனால் பேச்சை நிறுத்திக்கொண்ட ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு பெரியவரின் முகத்தை மறையுங்கள் என்று கேட்டால், அதற்கு இது பதிலா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளி மேடையில் எனக்குப் பாவாடை சட்டையும் ஆறு நோட்டும் கொடுத்தார்கள். மைக்கில் என் பெயர், அப்பா பெயர், "மிகவும் ஏழ்மையான குடும்பம்". நான் குனிந்திருந்தேன். படம் எடுக்கிறவர் வந்து ஒற்றை விரலால் என் தாடையை நிமிர்த்தி, "சிரி பாப்பா" என்றார். சிரித்தேன். அந்தப் படத்தை அறிவிப்புப் பலகையில் நாலு குண்டூசி குத்தி ஒட்டினார்கள், வருடம் முழுக்க இருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போக அந்த வழிதான். நான் மைதானத்தைச் சுற்றிப் போவேன். பாவாடை நல்ல பாவாடை. கொடுத்தவரும் நல்ல மனிதர்தான். அந்த விரலை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "வாங்குகிறவர்கள் சந்தோஷப்படத்தான் செய்வார்கள்" என்று எனக்கு எழுதியவர்களே, அந்தப் படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழுவில் படம் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை உணவு வங்கிக்குப் போனேன். பெரியவர் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ. ஏழு மணி வரை பார்த்துவிட்டு, அவருக்கு எடுத்து வைத்த பையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.