வெயிலில் வரையலாம் என்று சொல்லி டேப்லெட் விற்காதீர்கள்

டேப்லெட் விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரே காட்சி. கடலோரம் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். முகமெல்லாம் வெயில். மடியில் இருக்கும் திரையில் அலையும் வானமும் பளிச்சென்று தெரியும். அந்த வெயிலில் எந்தத் திரையும் அப்படித் தெரியாது! இதை நம்பிக் கடன் வாங்கி டேப்லெட் எடுத்த பிள்ளைகள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு எளிது. சாதாரண ஐபேட் திரையின் வெளிச்சம் அதிகபட்சம் 500 நிட்ஸ் (ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு). நேர் வெயிலோ 1,00,000 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) வரை போகும். அந்த வெயில் படும் வெள்ளைச் சட்டை சுமார் 25,000 நிட்ஸ் ஒளியைத் திருப்பி அடிக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத திரைக் கண்ணாடி அதில் 4 சதவீதத்தைப் பிரதிபலித்தாலே 1,000 நிட்ஸ். வரைகிற படத்தைவிட உங்கள் சட்டை இரண்டு மடங்கு பிரகாசம். எனவே கருப்புச் சட்டை, அடிப்பக்கம் கருப்பான அகல விளிம்புத் தொப்பி. எந்தக் கடையிலாவது இதைச் சொல்கிறார்களா? திரைமேல் ஒட்டும் சொரசொரப்பான மேட் ஃபிலிமை ஒட்டி அனுப்புகிறார்கள். நிழலில் அது நல்லதுதான். வெயிலில் அந்தச் சொரசொரப்பு ஒளியைத் திரை முழுக்கச் சிதறடித்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். பென்சில் முனையையும் தேய்த்துத் தின்னும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் இன்னொரு தொல்லை: டேப்லெட்டை ஒரு பக்கம் திருப்பினால் திரை இருண்டே போகும்.

அடுத்தது சூடு. ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் நிறுவனமே கொடுத்திருக்கும் வரம்பு 0 முதல் 35 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கடலூரும் புதுச்சேரியும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதுவும் 35 என்பது சுற்றியுள்ள காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் கண்ணாடி அதைவிடக் கொதிக்கும். சூடு ஏறினால் கருவி செய்யும் வேலைகளில் ஒன்று, திரை வெளிச்சத்தைத் தானே குறைப்பது. வெளிச்சம் உயிராகத் தேவைப்படும் நேரத்தில்! சார்ஜ் ஏறுவதும் நிற்கும், அதற்கும் மேல் போனால் எச்சரிக்கை காட்டி வேலையை நிறுத்திவிடும். தடித்த ரப்பர் உறையைக் கழற்றுங்கள். மடியில் வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்பக்கம் காற்று போகும். பவர் பேங்க்கைச் செருகிக்கொண்டே வரையாதீர்கள். கை ஓயும்போது வெள்ளைத் துண்டைப் போட்டு மூடுங்கள். ஐஸ் பேக் மட்டும் வேண்டாம், உள்ளே நீர் கோக்கும்.

இதையெல்லாம் சமாளித்தாலும் நிறம் ஏமாற்றும். இதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம், ஏனென்றால் யாரும் சொல்லித்தருவதில்லை. வெயில் நேராக விழும் கேன்வாஸில் வண்ணம் வெளுப்பாகத் தெரியும். கை தானாக அடர்த்தியை ஏற்றும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும். வண்ணக்காரர்களுக்கு இது தெரிந்த பாடம். டேப்லெட்டில் இது தலைகீழ். கண் வெயிலுக்குப் பழகியிருப்பதால் திரை மங்கலாகத் தெரியும், பிரதிபலிப்பில் நிழல் பகுதிகள் பிரியாது. உடனே நிழலை வெளுக்கிறோம், நிறத்தைக் கூட்டுகிறோம். வீட்டில் திறந்தால் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் கண்ணைக் குத்தும், தூணுக்கடியில் நிழலே இருக்காது.

இதற்கு வழி உண்டு. திரையின் நிறத்தைத் தானே மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணையுங்கள். ஆட்டோ பிரைட்னஸையும் அணைக்க வேண்டும்; அதைத் திரை அமைப்புகளில் தேடிப் பயனில்லை, அக்சஸிபிலிட்டிக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கிளம்புமுன் கேன்வாஸின் ஓரத்தில் ஐந்து சாம்பல் கட்டங்கள் போடுங்கள்: நிறத்தின் பிரைட்னஸ் (திரையுடையது அல்ல) 10, 30, 50, 70, 90. போன இடத்தில் 10-க்கும் 30-க்கும் வித்தியாசம் தெரியவில்லையா? அங்கே வண்ணம் வைக்காதீர்கள், கோடு மட்டும் போடுங்கள். தெரிந்தால், கண்ணை நம்பாமல் ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியில், நிறத்தை எண்ணாகக் காட்டும் வேல்யூ பக்கத்தில் எண்ணைப் பார்த்து நிறமெடுங்கள். சுவரின் வெயில் பக்கம் 90 என்றால் நிழல் பக்கத்தை 55-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நேரமும் இடமும் பார்த்துத்தான் உட்கார வேண்டும். புதுச்சேரிக் கடல் கிழக்கே; காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் மேற்கே இருக்கும் கட்டடங்களின் நிழல் கடற்கரைச் சாலையில் நீளும்போது மறுபடி தொடங்கலாம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் அந்த வசதி இல்லை, திறந்த மணல், குடையில்லாமல் போகாதீர்கள். வியர்வை சொட்டினால் திரை அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் பென்சில் மட்டும் வரையும்படி மாற்றுங்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறும். மணலை ஊதித் தட்டிவிட்டு, ஈரத்துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.

வரையும் செயலிக்கென்று விற்கும் பிரஷ் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பைன் மரமும் ஓக் மரமும் கொடுக்கிறார்கள். நம் கரையில் நிற்பது சவுக்கும் பனையும். கூடவே வரும் வண்ணத் தட்டில் வானம் அடர்நீலம். இங்கே பகல் வானம் பல நாள் வெளிறிய வெண்சாம்பல். அந்தத் தட்டை அழித்துவிட்டு, காலையில் கடலைப் பார்த்தே எட்டு நிறம் எடுத்து வையுங்கள், போதும்.

வாங்கப் போகிறவர்கள் நேரு வீதிக் கடையில் குளுகுளு அறைக்குள் நின்று முடிவெடுக்காதீர்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டைப் பகல் 12 மணிக்கு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சாம்பல் கட்டங்களை அங்கேயே போட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.