டேப்லெட்டைப் பள்ளியே கொடுக்கட்டும்

என் பேத்தி படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் கல்வியாண்டு முதல் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் அனைவரும் சொந்தமாக ஒரு டேப்லெட் வைத்திருக்க வேண்டும், பள்ளி சொல்லும் நிறுவனத்திடமே அதை வாங்க வேண்டும், பணத்தை இரண்டு தவணைகளில் கட்டலாம் என்று அதில் இருந்தது. கடைசி வரியில், சலுகை வேண்டுவோர் அலுவலகத்தை அணுகலாம் என்றிருந்தது. அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் நான். அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை.

டேப்லெட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அந்த மாதங்களில் என் மாணவி ஒருத்தியின் கணக்குகள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் வீட்டில் இருந்த ஒரே செல்பேசி அவள் கைக்குக் கிடைக்கும். அடுப்படித் தரையில் நோட்டை விரித்துப் படம் எடுத்திருப்பாள். பாதி எழுத்துகள் அவள் கையின் நிழலுக்குள் கிடக்கும். அன்று அவளுக்கென்று ஒரு கருவி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே, என் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கருவியை யார் வாங்கித் தருவது?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளும் இருந்ததால், எங்கள் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. மருத்துவரின் மகளும் மீன் விற்கும் தாயின் மகளும் பள்ளி மண்டபத்தில் ஒரே வரிசையில் நின்று ஒரே மாதிரிப் பெட்டியை வாங்கினார்கள். வெளியே தூறல் தொடங்கியதும் ஒருத்தி தன் சீருடைத் துப்பட்டாவைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றி, அணைத்துப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள். படிப்பு முடியும் தறுவாயில் வந்து சேர்ந்ததால் அந்தக் கணினியை வைத்து வகுப்பில் எங்களால் அதிகம் கற்பிக்க முடியவில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் அதற்காக எந்தத் தாயும் அலுவலக வாசலில் காத்து நிற்கவில்லை.

அந்த வாசலை நான் நன்கு அறிவேன். கட்டணச் சலுகை கேட்டு வரும் தாய், மகளுக்குத் தெரியக்கூடாது என்று வகுப்பு நடக்கும் நேரமாகப் பார்த்து வருவார். மகளோ சன்னல் வழியே அம்மாவின் சேலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். வீட்டு வசதி வகுப்பறையில் தெரியக்கூடாது என்றுதானே நாம் சீருடை போட்டோம்? உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, உலகப் பொருளில் வறியவர்களின் தேவைக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகச் செவிசாய்க்க வேண்டும் என்கிறது. அந்த வறியவரை அலுவலகத்துக்கு வந்து விண்ணப்பிக்கச் சொல்வது அதற்குப் பொருந்துமா?

சுற்றறிக்கையின் மேல்முனையில், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸின் படம் இருந்தது. நற்கருணை, அதாவது திருப்பலியில் இயேசுவின் உடலாக வழங்கப்படும் அப்பம், தொடர்பான அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் ஏற்றிய அந்தச் சிறுவனை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லதே. தம் சேமிப்பிலிருந்து வீடற்றவர்களுக்கு உதவியவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

வேதியியல் ஆய்வகத்துக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து குடுவை கொண்டுவருவதில்லை. டேப்லெட்டையும் அப்படியே பள்ளி வாங்கி, எண்ணிட்டு, பூட்டிய அலமாரியில் வைத்து, பாடவேளையில் கொடுத்துத் திரும்பப் பெறலாம். எட்டாம் வகுப்பு வரை அது வீட்டுக்குப் போகவே வேண்டாம். இரவில் பிள்ளை அதில் என்ன பார்க்கிறாள் என்று பெற்றோர் காவல் இருக்கும் தொல்லையும் இராது. ஒரே ஆண்டில் எல்லோருக்கும் வாங்கப் பணம் போதாதென்றால், முதலாண்டில் ஒரு வகுப்புக்கு வேண்டியதை வாங்கி, பிரிவுகள் மாறி மாறிப் பயன்படுத்தட்டும். முன்னாள் மாணவியரிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். கேட்டால் நானும் தருவேன்.

இவற்றை எழுதித் தாளாளர் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு மகளுடன் நானும் போகிறேன். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பேன்.