தாத்தாவ பேச விடுங்கடே

எங்க தாத்தா வாயத் தொறந்தாவன்னா போதும், "இத நூறு தடவ கேட்டாச்சு"ன்னு ஒருத்தன் எந்திரிச்சிருதான், அடுத்தவன் ரீல்ஸ சத்தமா வைக்கான், எனக்கு பத்திக்கிட்டு வருது. பத்தமடையில பாய்க்கு கோரை கிழிச்சது, முக்கூடல்ல பீடிக்கடை கணக்கெழுதுனது, மீட்டர்கேஜ் காலத்துல செங்கோட்டை ரயில்ல முறுக்கு வித்தது, 1992ல தாமிரபரணி ஊருக்குள்ள ஏறுனப்போ பீடி எல மூட்டையெல்லாம் மொட்டமாடிக்கு தூக்குனதுன்னு ஒவ்வொண்ணும் அவுக கைபட்ட வேலைடே. நேத்து கோரைய கீறுத மாதிரி வெரல வளச்சு காட்டி, ஆத்துத் தண்ணியில ஏன் ஊறப்போடணும்னு ஆரம்பிச்சாவ, அதுக்குள்ள டீவியப் போட்டுட்டானுவ. பாவிகளா, ஒரு அரைமணி நேரம் அந்த போன கீழ வைக்க முடியாதா? இந்தக் கதையெல்லாம் பொறவு யாருகிட்டடே போயி கேப்பிய?